பார்லியின் சாம்பல் நோயும் அதைத் தாங்கும் பயிரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாவர நோயியல் படிக்கும் மாணவர்களிடம் நோய் எதிர்ப்பைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் நான் பார்லியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். நம் ஊரில் அதிகம் விளையாத பயிரை ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு செடி பூஞ்சாணத்தை எப்படித் தடுக்கிறது, அந்தத் தடுப்பு எப்போது தோற்கிறது, எப்போது நிலைக்கிறது என்ற மூன்றும் பார்லியின் சாம்பல் நோயில் தெளிவாக விளங்குவதைப் போல வேறு பயிர்களில் எளிதில் விளங்குவதில்லை. பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட ஐயங்களை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பார்லி என்றால் வாற்கோதுமைதானே? அதன் இலையில் அப்படி என்ன நோய் வருகிறது?

ஆம், வாற்கோதுமைதான். காய்ச்சல் வந்தவருக்குக் கஞ்சி வைக்க மளிகைக் கடையில் வாங்கும் அதே தானியம். ஐரோப்பாவில் அது முதன்மையாகக் கால்நடைத் தீவனத்துக்கும், முளைகட்டி மால்ட் ஆக்குவதற்கும் விளைவிக்கப்படுகிறது. இலையைத் தாக்கும் பூஞ்சாண நோய்கள் அதற்குப் பல உண்டு. சாம்பல் நோய், மஞ்சள் துரு, பழுப்புத் துரு, வலைப்பின்னல் கருகல், இலை வெந்தது போலத் தோன்றும் ரின்கோஸ்போரியம் கருகல், கதிர் வந்தபின் தலைகாட்டும் ராமுலேரியா புள்ளி நோய் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

இந்தப் பக்கம் பெரும்பாலும் சாம்பல் நோயைப் பற்றியது. அதை உண்டாக்கும் பூஞ்சாணத்தின் பெயர் புளூமேரியா. நெடுங்காலம் புளூமேரியா கிராமினிஸ் என்ற இனத்தின் பார்லி வடிவமாகக் கருதப்பட்டது, 2021 முதல் புளூமேரியா ஹோர்டியை என்ற தனி இனமாகவும் குறிக்கப்படுகிறது. குளிர்ந்த, ஈரப்பதமுள்ள வடமேற்கு ஐரோப்பாவில் இந்த நோய்க்கு உகந்த சூழல் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் அமைந்துவிடுகிறது.

எங்கள் உளுந்திலும் வெண்டையிலும் வருகிற சாம்பல் நோய்தானே இது? ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாதா?

பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் இவை வெவ்வேறு பூஞ்சாணங்கள். உளுந்தில் வருவது எரிசிஃபே வகை, பூசணிக் குடும்பத்தில் பெரும்பாலும் வருவது போடோஸ்ஃபேரா வகை. பார்லியின் புளூமேரியா பார்லியையும் அதன் நெருங்கிய காட்டு உறவுகளையும் தவிர வேறு எதிலும் வளர்வதில்லை, பக்கத்து வயலில் நிற்கும் கோதுமையைக்கூட அது நோயாக்குவதில்லை. கோதுமைக்கென்று அதன் தாயாதி ஒன்று தனியாக இருக்கிறது.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. புளூமேரியாவால் உயிருள்ள செடியின்றி வாழ முடியாது. ஆய்வகத்தில் தட்டில் ஊட்டம் ஊற்றி வளர்க்க முயன்றால் வளராது. 2010-ல் அதன் மரபுத்தொகை வெளியிடப்பட்டபோது, தனித்து வாழும் பூஞ்சாணங்களுக்கு இன்றியமையாத பல மரபணுக்களை அது இழந்திருப்பது தெரியவந்தது. வேண்டியதையெல்லாம் செடியிடமிருந்தே எடுத்துக்கொள்ளும்படி அது மாறிப்போயிருக்கிறது. இந்தச் சார்புதான் அதன் வலிமை, அதன் பலவீனமும் அதுவே என்பதைக் கீழே பார்ப்போம்.

வயலில் பார்த்தவுடன் எப்படி அடையாளம் காண்பது? எல்லாப் புள்ளியும் ஒன்றுபோலவே தெரிகிறதே?

விரலால் தேய்த்துப் பாருங்கள். அதுதான் முதல் சோதனை. சாம்பல் நோயின் வெள்ளைத் திட்டு இலையின் மேற்பரப்பில் மாவு தூவியது போல இருக்கும், விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதன் கீழே இலை முதலில் பச்சையாகவும் பிறகு மஞ்சளாகவும் இருக்கும். கை உருப்பெருக்கியில் நோக்கினால் அந்த மாவு முழுவதும் சின்னஞ்சிறு நிமிர்ந்த இழைகள் என்பதும், ஒவ்வோர் இழையிலும் வித்துகள் மணிமாலை போலக் கோத்து நிற்பதும் தெரியும். பருவம் முதிர முதிர வெள்ளை, சாம்பல் பழுப்பாக மாறும். அதனிடையே கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள் தோன்றும். அவை பால்கலப்பால் உண்டாகும் வித்துகளைத் தாங்கி வறண்ட காலத்தைக் கடக்கும் உறைகள்.

துரு நோயில் தேய்த்தால் விரலில் மஞ்சள் அல்லது செம்பழுப்புப் பொடி ஒட்டும். மஞ்சள் துருவில் கொப்புளங்கள் நரம்புக்கு இணையாக வரிசை பிடித்திருக்கும். வலைப்பின்னல் கருகலும் ரின்கோஸ்போரியமும் தேய்த்தால் போகாது, ஏனெனில் அங்கே இலைத் திசுவே செத்திருக்கிறது. ராமுலேரியாவில் நரம்புகளுக்கிடையே அடைபட்ட சிறு செவ்வகப் பழுப்புப் புள்ளிகள், மஞ்சள் விளிம்போடு இலையின் இருபுறமும் தெரியும்.

மழை அதிகம் பெய்தால்தானே பூஞ்சாணம் பெருகும்? வறண்ட வாரத்தில் எப்படி இது வந்தது?

பெரும்பாலான பூஞ்சாணங்களுக்கு அந்தக் கணக்கு சரி. சாம்பல் நோய்க்கு அது பொருந்தாது. அதன் வித்து முளைக்க இலையில் நீர்த்துளி நிற்க வேண்டியதில்லை, காற்றில் ஈரப்பதம் இருந்தால் போதும். பெருமழை உண்மையில் வித்துகளைக் கழுவிவிட்டு நோயைத் தணிக்கும். 15 முதல் 22 டிகிரி வெப்பம், மேகமூட்டம், அடர்ந்த பயிர் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது வேகமெடுக்கும். அதிகப்படியான தழைச்சத்து இலையை மென்மையாக்கிப் பயிரை அடர்த்தியாக்குவதால், உரத்தை அள்ளிப் போட்ட வயலில்தான் முதல் திட்டுகள் தோன்றுவது வழக்கம். இதற்கு நேர்மாறாக, ரின்கோஸ்போரியம் மழைத்துளி தெறிப்பால் இலைக்கு இலை ஏறும் நோய்.

சாம்பல் நோயின் வித்து காற்றில் வெகுதூரம் போகும். இங்கிலாந்தில் எழும் வித்து வட கடலைத் தாண்டி டென்மார்க்கில் இறங்க முடியும். ஆகையால் ஐரோப்பாவின் பார்லி வயல்களை இந்தப் பூஞ்சாணம் ஒரே பெரிய வயலாகவே காண்கிறது என்று சொல்லலாம்.

இலைக்கு மேலே உட்கார்ந்திருக்கும் பூஞ்சாணம் செடியை என்ன செய்துவிடும்?

மேலே தெரிவது பாதிதான். வித்து இலையில் விழுந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சிறு முளைக்குழல் ஒன்றை விட்டு, தான் உட்கார்ந்திருப்பது இலைமேல்தானா என்று தொட்டறிகிறது. பிறகு இரண்டாவது குழல் நீண்டு, 10 முதல் 12 மணி நேரத்தில் நுனி கொக்கி போல வளைந்து ஒட்டுறுப்பாகிறது. அதன் அடியிலிருந்து ஊசி போன்ற நுனி செல்சுவரைத் துளைக்கிறது. துளைத்தபின் மேல்தோல் செல்லுக்குள் விரல் விரித்த கை போன்ற ஓர் உறிஞ்சுறுப்பை அமைக்கிறது. செல்லைக் கொல்வதில்லை, செல்லின் படலத்தைக் கிழிப்பதுமில்லை. படலத்தை உள்ளே அழுத்திக்கொண்டு அதன் வழியாகவே சர்க்கரையை உறிஞ்சுகிறது. நுழைந்த 3 முதல் 5 நாட்களில் வெளியே வெள்ளைத் திட்டு தெரிந்து, புதிய வித்துகள் கிளம்பிவிடும்.

முதன்முறையாகச் சாயமேற்றிய இலைத்துண்டில் அந்த விரல்களை நுண்ணோக்கியில் கண்டபோது, செல் உயிரோடிருக்கும்போதே அதற்குள் இன்னொன்று குடியிருக்க முடிகிறதே என்று வெகுநேரம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். விளைச்சலில் இதன் விலை என்னவென்றால், தானியம் மெலிகிறது, தூர்கள் குறைகின்றன. கடுமையான தாக்குதலில் 40 விழுக்காடு வரை இழப்பு பதிவாகியிருக்கிறது. பொதுவாக அதைவிடக் குறைவுதான், ஆனால் தூர் கட்டும் பருவத்திலேயே நோய் பிடித்தால் பயிர் பின்னர் தேறுவது கடினம்.

நோய் கண்ட வயலில் விளைந்த பார்லியைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். புளூமேரியா இலை, தண்டு, கதிரின் பசும்பகுதி ஆகியவற்றில் வாழ்வது. தானியத்தில் நச்சு எதையும் சேர்ப்பதில்லை. நச்சுக்கு அஞ்ச வேண்டியது கதிரைத் தாக்கும் பியூசேரியத்துக்குத்தான், அது வேறு நோய். மெலிந்த தானியம் மால்ட் ஆலைக்கு ஏற்காது என்பதே இங்கு இழப்பு.

"எதிர்ப்புத் திறன் கொண்ட ரகம்" என்று விதைப் பையில் போட்டிருந்தால் நோயே வராது என்றுதானே பொருள்?

இல்லை. அந்தச் சொல்லுக்குள் குறைந்தது இரண்டு வேறு செயல்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, உள்ளே நுழைந்த பகைவனை இனம்கண்டு, நுழைந்த செல்லையே செடி தானாகக் கொன்றுவிடுவது. உயிருள்ள செல்லில் மட்டுமே வாழத் தெரிந்த பூஞ்சாணம் அதோடு பட்டினி கிடந்து சாகும். இலையில் ஊசிமுனைப் புள்ளி ஒன்று மட்டும் மிஞ்சும். இவ்வகை எதிர்ப்பு இருந்தால் வயல் பளிச்சென்று இருக்கும்.

மற்றது, நோயை முற்றாகத் தடுக்காமல் அதன் நடையைத் தளர்த்துவது. பழுப்புத் துருவில் இதை நெதர்லாந்தின் வாகெனிங்கனில் பார்லெவ்லியட் என்ற அறிஞர் 1970களில் விரிவாக அளந்தார். வாடா என்ற ரகத்திலும் துரு வந்தது. ஆனால் வித்து விழுந்ததிலிருந்து அடுத்த வித்து கிளம்பும் வரையான காலம் எளிதில் நோயுறும் வரிசையைவிட வெகுவாக நீண்டது. ஒரு பருவத்தில் ஐந்து தலைமுறை எடுக்க வேண்டிய நோய் மூன்றோடு நின்றால், கடைசியில் இலையில் மிஞ்சும் பச்சை எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். விதைப் பையில் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்தான் அச்சாகிறது. ஆகவே ரகத்தை வாங்குபவர் எந்த வகை எதிர்ப்பு, எந்த நோய்க்கு என்று கேட்டு வாங்க வேண்டும்.

நல்ல எதிர்ப்பு ரகம் என்று கொடுத்தார்கள், நாலைந்து வருடத்தில் அதுவும் நோயில் விழுந்துவிட்டது. விதை கெட்டுப்போனதா?

விதை கெடவில்லை, செடியும் மாறவில்லை. மாறியது பூஞ்சாணம். மேலே சொன்ன முதல் வகை எதிர்ப்பில் செடி இனம்காண்பது பூஞ்சாணத்தின் ஏதோ ஒரு புரதத்தை மட்டும்தான். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஆளி விதைப் பயிரின் துருவை ஆராய்ந்த ஹெரால்டு ஃப்ளோர் 1940களில் காட்டியது இதுவே. செடியின் ஒவ்வோர் எதிர்ப்பு மரபணுவுக்கும் பூஞ்சாணத்தில் ஓர் இணை மரபணு உண்டு, இரண்டும் சந்தித்தால்தான் எதிர்ப்பு எழும். பூஞ்சாணம் அந்தப் புரதத்தை உதறினாலோ, சற்றே உருமாற்றிக்கொண்டாலோ செடியின் காவல் அதை அறியாமல் விட்டுவிடுகிறது.

பார்லியில் இவ்வகைக் காவல் மரபணுக்களின் பெருங்கூட்டம் எம்எல்ஏ என்ற இடத்தில், 1எச் குரோமோசோமில் இருக்கிறது. அங்கே முப்பதுக்கும் மேற்பட்ட மாற்று வடிவங்கள் அறியப்பட்டுள்ளன. ஐரோப்பாவில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒன்றன்பின் ஒன்றாக இந்த வடிவங்கள் ரகங்களில் சேர்க்கப்பட்டன. ரகம் பரவப் பரவ அதை வெல்லும் பூஞ்சாண இனமும் பரவியது, சில ஆண்டுகளில் அந்த மரபணு பயனற்றுப்போனது. நல்ல ரகம் என்பதற்காகவே எல்லோரும் அதையே விதைத்தது அதன் அழிவுக்கு வழி செய்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். ஒவ்வொரு மரபணுவையும் ஒரு ரகத்துக்குள் கொண்டுவர வளர்ப்பாளர்கள் பத்தாண்டு அளவுக்கு உழைத்திருப்பார்கள்.

எம்எல்ஓ, எம்எல்ஓ என்கிறார்களே, அது என்ன? எம்எல்ஏவின் இன்னொரு வடிவமா?

பெயர்தான் ஒத்திருக்கிறது, செயலில் இரண்டும் எதிரெதிர். எம்எல்ஓ 4எச் குரோமோசோமில் உள்ள மரபணு. அது நன்றாக வேலை செய்தால் செடி நோயுறும், பழுதுபட்டால் செடி நோயைத் தடுக்கும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட பிரதி வந்தால்தான் பலன், அதாவது இது ஒடுங்கு பண்பு.

இதன் வரலாறு இரு தனி வழிகளில் தொடங்குகிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃப்ரைஸ்லேபன், லைன் என்ற இருவர் ஹைசா என்ற பார்லி ரகத்தின் விதையில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, வந்த செடிகளில் சாம்பல் நோய் பிடிக்காத ஒன்றைக் கண்டெடுத்து 1942-ல் அறிவித்தார்கள். மற்றொன்று இயற்கையே தந்தது. 1937-38-ல் ஜெர்மானியப் பயணக்குழு எத்தியோப்பியாவில் உழவர்களின் நாட்டு பார்லிகளைச் சேகரித்தது. அவற்றில் எல்92, எல்100 போன்ற வரிசைகளில் எம்எல்ஓ பழுது இயல்பாகவே இருந்தது பின்னர் தெரியவந்தது. எல்92 வழி வந்த அட்டெம் என்ற ரகம் 1979-ல் வெளியானது, எம்எல்ஓ எதிர்ப்போடு சந்தைக்கு வந்த முதல் ரகம் அதுவே. அதன்பின் ஐரோப்பாவின் வசந்தகால பார்லியில் பல லட்சம் ஹெக்டேருக்கு இந்த எதிர்ப்பு பரவியது. 1997-ல் இங்கிலாந்தின் நார்விச்சில் உள்ள செயின்ஸ்பரி ஆய்வகக் குழு அந்த மரபணுவைப் பிரித்தெடுத்தது. செல் படலத்தை ஏழு முறை குறுக்கே கடந்து நிற்கும் ஒரு புரதம் அது.

பழுதான மரபணு எப்படிப் பாதுகாப்புத் தரும்? அது விளங்கவே இல்லை.

ஒரு பூஞ்சாணம் நுழைய முயலும்போது பார்லிச் செல் கைகட்டி நிற்பதில்லை. ஊசி நுனி எந்த இடத்தில் அழுத்துகிறதோ, அந்த இடத்துக்கு உட்புறத்தில் காலோஸ் என்ற சர்க்கரைப் பொருளும் பிறவும் குவிந்து ஒரு தடுப்புத் திட்டு உருவாகிறது. எளிதில் நோயுறும் செடியிலும் இந்தத் திட்டு உண்டாகும், ஆனால் பெரும்பாலும் தாமதமாகவும் மெல்லியதாகவும் அமைந்து பூஞ்சாணம் துளைத்துவிடும். எம்எல்ஓ புரதம் இந்தத் தற்காப்பை அடக்கி வைக்கும் கடிவாளம் போலச் செயல்படுகிறது. புரதம் இல்லாவிட்டால் கடிவாளம் தளர்ந்து, திட்டு விரைவாகவும் பெரிதாகவும் எழுகிறது, ஊசி அதற்குள்ளேயே முட்டி நிற்கிறது. திட்டைக் கட்டுவதற்கு வேண்டிய பொருள்களைச் சுமந்துசெல்லும் பணியில் உதவும் ரோர்2 போன்ற மரபணுக்களும் பழுதானால், எம்எல்ஓ எதிர்ப்பு பலவீனப்படுகிறது. தடுப்பு நடப்பது செல்சுவரில்தான் என்பதற்கு அது நல்ல சான்று.

இப்போது நாலைந்து ஆண்டில் தோற்ற ரகத்துக்கான பதிலோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே செடி பூஞ்சாணத்தின் ஒரு புரதத்தை அடையாளம் கண்டது, பூஞ்சாணம் அடையாளத்தை மாற்றித் தப்பியது. இங்கே செடி எதையும் அடையாளம் காணவில்லை. பூஞ்சாணத்துக்குத் தேவையான ஒன்று செடியில் இல்லாமல் போயிருக்கிறது. இல்லாத ஒன்றை ஒளித்தோ மாற்றியோ வெல்ல முடியாது, அது இல்லாமலே நுழையும் புதிய வழியைப் பூஞ்சாணம் கற்றாக வேண்டும். 1979 முதல் இத்தனை பரப்பில் வைத்தும் இந்த எதிர்ப்பு நிலைத்திருப்பதற்கு அதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

அப்படியானால் எம்எல்ஓ ஒருபோதும் உடையாதா?

அப்படி உறுதி சொல்ல மாட்டேன். எம்எல்ஓ இலையை உருப்பெருக்கியில் கூர்ந்து தேடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு வெள்ளைத் திட்டு கிடைக்கும். அது பெரும்பாலும் இலைத்துளையின் பக்கத்துணை செல்களில் வேரூன்றியதாக இருக்கும். அந்தக் குட்டைச் செல்களில் மட்டும் தடுப்பு சற்று இளகியிருக்கிறது. வறட்சியில் வாடிய பயிருக்குத் திடீரென நீர் கிடைத்த சில நாட்களில் எம்எல்ஓ பயிரிலும் நோய் தலைதூக்கியதுண்டு. ஜப்பானிலிருந்து எடுக்கப்பட்ட பூஞ்சாண இனம் ஒன்று ஆய்வகத்தில் எம்எல்ஓ இலையில் ஓரளவு வளரவும் செய்தது.

இந்த எச்சரிக்கைகளை ஐரோப்பிய வளர்ப்பாளர்கள் செவிமடுத்தார்கள். எம்எல்ஓவைப் பெரும்பாலும் வசந்தகால பார்லிக்கே வைத்துக்கொண்டு, குளிர்கால பார்லியில் சேர்ப்பதைத் தவிர்த்து வந்திருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் எம்எல்ஓ இலையே பூஞ்சாணத்துக்குக் கிடைத்தால், ஓரளவு வளரத் தெரிந்த இனம் தொடர்ந்து தேர்வாகிப் பெருகும். பாதி ஆண்டு வேறு வகை பார்லியில் தங்க வேண்டியிருந்தால் அந்தத் தேர்வு அறுபடும்.

இவ்வளவு நல்ல எதிர்ப்புக்கு விலை ஒன்றும் இல்லையா?

உண்டு. தற்காப்பு எப்போதும் விழிப்பாக இருப்பதால் எம்எல்ஓ செடியில் நோய் இல்லாத நாளிலும் சிறு பழுப்புப் புள்ளிகள் தானே தோன்றலாம், இலை சற்று முன்கூட்டியே முதுமை அடையலாம். தொடக்ககால வரிசைகளில் அது விளைச்சலையும் குறைத்தது. எத்தியோப்பிய வழி வந்த எம்எல்ஓ-11 வடிவத்தில் மரபணு அழியவில்லை, அதன் முன்னே ஒரு துண்டு பலமுறை அடுக்காக நுழைந்து அதன் வேலையைப் பெரிதும் அடக்கியிருக்கிறது. புள்ளிகள் குறைவாக இருந்ததும், வளர்ப்பாளர்கள் பல தலைமுறை கலப்பு செய்து பின்புலத்தைச் சரிசெய்ததும் சேர்ந்து அதை வயலுக்கு ஏற்றதாக்கின.

மற்றொரு விலை மறைமுகமானது. உயிருள்ள செல்லில் வாழும் பூஞ்சாணத்துக்கு எதிரான தற்காப்பு, செத்த திசுவில் தழைக்கும் பூஞ்சாணத்துக்குச் சில வேளை கதவைத் திறந்துவிடும். எம்எல்ஓ செடிகள் நெல்லின் குலை நோய்ப் பூஞ்சாணத்தாலும், இலைப்புள்ளி நோயின் பைப்போலாரிஸாலும் கூடுதலாகப் பாதிக்கப்படுவது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஐரோப்பாவில் ராமுலேரியா அண்மைப் பத்தாண்டுகளில் பெருகியதற்கு எம்எல்ஓவின் பரவல் ஒரு காரணமா என்பது விவாதத்தில் இருக்கிறது. சோதனை முடிவுகள் சூழலுக்கேற்ப மாறுபடுவதால் பழியை முழுதும் எம்எல்ஓ மீது போடுவது நியாயமன்று.

ஒற்றை மரபணு எதிர்ப்பு என்றால் உடைந்தே தீரும் என்று படித்திருக்கிறோம். விதிவிலக்கு உண்டா?

எம்எல்ஓவே ஒரு விதிவிலக்கு. அதைவிட வியப்பானது, பூஞ்சாணத்தை இனம்காணும் வகையில் சேர்ந்தும் நெடுங்காலம் நின்ற ஆர்பிஜி1. இது தண்டுத் துருவுக்கு எதிரான மரபணு. 1935-ல் வடக்கு டகோட்டாவில் துருவால் நாசமான வயலில் பசுமையாக நின்ற ஒரே செடியை சாம் லைக்கென் என்ற உழவர் கண்டு, அதன் விதையைத் தனியாக எடுத்து வைத்தார். அதிலிருந்து வந்த கிண்ட்ரெட் ரகம் 1942-ல் வெளியானது. அந்த ஒற்றை மரபணு வட அமெரிக்காவின் பார்லியைத் தண்டுத் துருவிலிருந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு காத்தது. 1989 வாக்கில் அதை வெல்லும் கியூசிசி என்ற துரு இனம் தோன்றியது. இவ்வளவு நீண்ட ஆயுள் ஏன் கிடைத்தது என்பதில் தண்டுத் துருவின் இடைப்புகலான பார்பெரி செடிகள் அப்பகுதியில் பெருமளவு அழிக்கப்பட்டதற்குப் பங்குண்டு, ஏனெனில் அந்தச் செடியில்தான் துரு பால்கலப்பு செய்து புதிய இனங்களை ஈனும். மரபணுவின் தன்மையோடு சுற்றுப்புறமும் சேர்ந்தே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இவ்வளவு தலைவலி எதற்கு? பூஞ்சாணக்கொல்லி தெளித்தால் போதாதா?

தெளிப்பவர்கள் தெளிக்கிறார்கள், தேவைப்படும் ஆண்டில் தெளிக்கத்தான் வேண்டும். ஆனால் பூஞ்சாணம் எதிர்ப்பு ரகத்தை வெல்லக் கற்பது போலவே மருந்தையும் வெல்லக் கற்கிறது. 1970களில் பார்லி விதை நேர்த்திக்கு வந்த எத்திரிமால் விரைவில் வலுவிழந்தது. அடுத்து டிரையசோல் மருந்துகள் சிறிது சிறிதாக வலுவிழந்தன. 1990களின் இறுதியில் வந்த ஸ்ட்ரோபிலூரின்களை, மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிய பூஞ்சாணம் ஓரிரு பருவங்களிலேயே முறியடித்தது. ராமுலேரியாவுக்கு நம்பியிருந்த குளோரோதலோனிலை ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் நீட்டிக்க மறுத்து, 2020-ல் பயன்பாட்டிலிருந்தே நீக்கியது. எதிர்ப்பு ரகத்தில் தெளிப்பு குறைவாகப் போதும், தெளிப்பு குறைந்தால் மருந்தும் நெடுநாள் பயன்படும். ஆகவே இவை இரண்டையும் போட்டிக்கு நிறுத்த வேண்டியதில்லை.

ஒரே வயலில் பல ரகங்களைக் கலந்து விதைத்தால் நோய் குறையும் என்கிறார்கள். உண்மையா, வெறும் பேச்சா?

உண்மை, அதுவும் பெரிய அளவில் செய்து பார்த்த உண்மை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் மார்ட்டின் வுல்ஃப் இதைச் சிறு வயல்களில் ஆராய்ந்தார். கிழக்கு ஜெர்மனி 1984 முதல் நாட்டளவில் நடைமுறைப்படுத்தியது. வெவ்வேறு எதிர்ப்பு மரபணுக்கள் கொண்ட வசந்தகால பார்லி ரகங்களைக் கலந்து விதைத்தார்கள். 1990-க்குள் அந்தக் கலவை 3 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவியது. கடுமையான சாம்பல் நோய் கண்ட வயல்களின் பங்கு சுமார் 50 விழுக்காட்டிலிருந்து சுமார் 10 விழுக்காடாக இறங்கியது, மருந்துச் செலவும் பெரிதும் குறைந்தது.

ஒரு செடியில் கிளம்பும் வித்து பக்கத்துச் செடியில் விழுந்தாலும் அங்கே வேறு காவல் நிற்பதால் வீணாகிறது. நோய் இல்லாமல் போவதில்லை, பரவும் வேகம் குறைகிறது. கிழக்கு ஜெர்மனி மேற்கோடு இணைந்தபின் இம்முறை கைவிடப்பட்டது. ஒரே ரகத்தின் சீரான தானியம் கேட்ட மால்ட் ஆலைகளும் சந்தையும் அதற்கு முக்கியக் காரணம். பயன் நிரூபணமான ஒன்று அறிவியல் குறையால் அல்லாமல் வணிக வசதிக்காக விடப்பட்டதை எண்ணினால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

எம்எல்ஓ பார்லி மரபணு மாற்றுப் பயிரா? பயப்பட வேண்டுமா?

மேலே சொன்ன வரலாற்றிலேயே விடை இருக்கிறது. ஐரோப்பிய வயல்களில் நிற்கும் எம்எல்ஓ, எத்தியோப்பிய உழவரின் நாட்டு விதையிலிருந்தோ, கதிர்வீச்சாலும் வேதிப்பொருளாலும் தூண்டிய பிறழ்விலிருந்தோ வந்து, வழக்கமான கலப்பின் மூலம் ரகமானது. அயல் உயிரின் மரபணு எதுவும் அதில் இல்லை.

இன்றைய மரபணுத் திருத்த முறையாலும் இதே பழுதை உண்டாக்கலாம். கோதுமையில் இந்த மரபணு மூன்று பிரதிகளாக இருப்பதால் மூன்றும் ஒரே நேரத்தில் தானாகப் பழுதாவது மிக அரிது. 2014-ல் சீன அறிவியலாளர்கள் மூன்றையும் திருத்தி நோய் தாங்கும் கோதுமையை உருவாக்கினார்கள். அதன் வளர்ச்சிக் குறைபாட்டைச் சரிசெய்த வரிசையை 2022-ல் வெளியிட்டார்கள். 2018-ல் ஐரோப்பிய நீதிமன்றம் திருத்தப்பட்ட பயிர்களும் மரபணு மாற்றுப் பயிர்களுக்கான சட்டத்துக்கு உட்பட்டவையே என்று தீர்ப்பளித்தது. கதிர்வீச்சால் வந்த அதே பழுதுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

பார்லியைத் தவிர வேறு பயிரில் எம்எல்ஓ உண்டா? நமக்கு இதில் என்ன பயன்?

உண்டு. பட்டாணியில் நெடுங்காலமாக அறியப்பட்ட ஈஆர்1 என்ற சாம்பல் நோய் எதிர்ப்பு, எம்எல்ஓ குடும்ப மரபணு ஒன்றின் பழுதே என்பது பின்னர் தெளிவானது. தக்காளியின் ஓஎல்-2 எதிர்ப்பும் அப்படியே. நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் பட்டாணி விளைவிப்போர் சாம்பல் நோய் தாங்கும் ரகத்தைத் தேடும்போது, பார்லியில் கற்ற பாடத்தையே அறிந்தோ அறியாமலோ பயன்படுத்துகிறார்கள்.

இந்தியாவில் பார்லி விளைவது பெரும்பாலும் ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ஹரியானா, பஞ்சாப் பகுதிகளில். வடமேற்குச் சமவெளியில் மஞ்சள் துருவும், கிழக்குச் சமவெளியில் பைப்போலாரிஸ் இலைப்புள்ளியும் அங்கே சாம்பல் நோயைவிடப் பெரிய கவலை. கர்னாலில் உள்ள இந்தியக் கோதுமை பார்லி ஆராய்ச்சி நிறுவனம் ரகங்களை இந்த நோய்களுக்கு எதிராகச் சோதிக்கிறது, சிம்லாவின் ஃப்ளவர்டேல் நிலையம் துரு இனங்களைக் கண்காணிக்கிறது. மேலே எம்எல்ஓவின் விலை பற்றிச் சொன்னதை நினைவில் வையுங்கள்: பைப்போலாரிஸ் மிகுந்த கிழக்குச் சமவெளிக்கு எம்எல்ஓவை யோசிக்காமல் கொண்டுபோவது தவறாகலாம்.

ஒரு ரகத்தின் எதிர்ப்பை ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்? வயலில் பார்த்தால் போதாதா?

வயலில் எந்தப் பூஞ்சாண இனம் தாக்கியது என்பது நமக்குத் தெரியாது. ஆகவே முதல் இலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, பென்சிமிடசோல் கலந்த அகார் தட்டில் வரிசையாகப் படுக்க வைப்பார்கள். அந்த மருந்து வெட்டிய இலையைப் பல நாட்கள் பச்சையாக வைத்திருக்கும். தட்டுகளை ஓர் உருளையின் அடியில் வைத்து, ஒரே இனத்தின் வித்துகளை மேலிருந்து ஊதிச் சமமாக விழச் செய்வார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஒவ்வொரு துண்டுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடலாம். 0 என்றால் எதுவும் தெரியாது, 4 என்றால் அடர்ந்த வெள்ளை மெத்தை. பல இனங்களைத் தனித்தனியே ஊதி, எதில் தோற்றது, எதில் நின்றது என்ற வரிசையைப் பார்த்தால் அந்த ரகத்துக்குள் எந்த எம்எல்ஏ வடிவம் இருக்கிறது என்று பெரும்பாலும் ஊகித்துவிட முடியும். எல்லா இனத்துக்கும் 0, ஆனால் உருப்பெருக்கியில் அங்கொரு சிறு திட்டு என்றால் எம்எல்ஓவை நினைக்கலாம்.

இருக்கிற எதிர்ப்பெல்லாம் ஒரு நாள் தீர்ந்துவிட்டால் புதியது எங்கிருந்து வரும்?

பார்லி முதலில் வீட்டுப் பயிரான மேற்காசியாவில் அதன் காட்டு மூதாதை இன்றும் சரிவுகளில் வளர்கிறது. இஸ்ரேல், ஜோர்டான், சிரியா பகுதிகளின் காட்டு பார்லியில் சாம்பல் நோய்க்கும் துருவுக்கும் எதிரான புதிய மரபணுக்கள் தொடர்ந்து கண்டெடுக்கப்படுகின்றன. அவற்றை ரகத்துக்குள் கொண்டுவரும்போது கதிர் உதிர்வது போன்ற வேண்டாத பண்புகளும் ஒட்டிக்கொண்டு வருவதால் வேலை நீளும்.

மற்றொரு களஞ்சியம் விதை வங்கிகள். ஜெர்மனியின் காட்டர்ஸ்லேபனில் 20,000-க்கும் மேற்பட்ட பார்லி மாதிரிகள் பாதுகாக்கப்படுகின்றன. சிரியாவின் அலெப்போ அருகே இக்கார்டா என்ற வறண்ட நில வேளாண் ஆய்வு நிறுவனம் வைத்திருந்த பார்லிச் சேகரிப்பைப் போரினால் பயன்படுத்த முடியாமல் போனபோது, நார்வேயின் ஸ்வால்பார்டிலுள்ள உலக விதைப் பனிக்கிடங்கில் முன்பே வைத்திருந்த பிரதிகளை 2015-ல் திரும்ப எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். அட்டெம் ரகத்துக்கு எதிர்ப்பைத் தந்த எல்92-ம் இப்படித்தான், பெயர் தெரியாத எத்தியோப்பிய உழவர் ஒருவரின் களத்திலிருந்து ஒரு பையில் வந்து, யாரோ எண் எழுதி அடுக்கில் வைத்ததால் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வயலை அடைந்தது.